பேர் வெட்டும் கடையும் ஒரு தகர வில்லையும்

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹட்டனில் ஞாயிறு என்றால் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டத்துச் சனம் மொத்தமும் டவுனுக்கு இறங்கிவிடும். மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. குடையை விரிப்பதா மடக்குவதா என்று ஆளாளுக்கு யோசிக்க வைக்கிற தூறல்.

நான் கடைக்குள் உட்கார்ந்து ஒரு செம்புக் குடத்தின் கழுத்தில் ‘செல்வி’ என்று வெட்டிக்கொண்டிருந்தேன். ‘வி’யைச் சுழிக்கிற இடத்தில் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினால், எதிரே பேக்கரி வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். என் கடை போர்டைப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள். மறுபடி போர்டு. கொஞ்ச தூரம் நடந்து போகிறாள், திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கிறாள்.

மூன்றாவது தடவை வந்து நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“என்ன தங்கச்சி, உள்ள வாங்க. நனையிறீங்க.”

அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டாள்:

“இங்க பேரு வெட்டுறது மட்டுந்தானா அண்ணே? போட மாட்டீங்களா?”

பேக்கரியில் மாலுபான் என்கிற மீன் பன் வாங்க நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

வெட்டுவதும் போடுவதும்

என் கடை போர்டில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிற வாசகம் இதுதான்: ‘இங்கு பேர் வெட்டப்படும்’. குடம், தட்டு, குத்துவிளக்கு, விளையாட்டுப் போட்டிக் கிண்ணம், சாவி வளையம், எதைக் கொண்டுவந்தாலும் பேர் வெட்டிக் கொடுப்பேன். பாத்திரத்தில் எழுத்துப் பதிப்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் சொல்.

தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். வேலைக்கு வந்தால் செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் அன்றைக்குப் பேர் போடுவார்கள். முழு நாள் வேலை செய்தால் முழுப் பேர், எடுத்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். ஒரு ஆளே இனி வேண்டாம் என்று செக்ரோலிலிருந்து எடுத்துவிட்டால், அதுதான் பேர் வெட்டுவது. “அவளுக்குப் பேர வெட்டிட்டாங்க” என்று ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சொன்னால், கேட்கிற ஆள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுபேச்சு பேசும்.

நானும் பன்னிரண்டு வயதுவரை ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் வளர்ந்தவன்தான். இந்த வித்தியாசம் எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அன்று வீட்டில் ஆதங்கப்பட்டேன்.

“சொல்லியிருப்பாங்க,” என்றாள் என் மனைவி பத்மா. “நீங்க பேச விட்டிருக்க மாட்டீங்க.”

இப்போது போர்டில் கீழே சின்ன எழுத்தில் ‘போடவும் படும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பேக்கரிக்காரர் தினமும் அதைப் படித்துவிட்டு, “மொதலாளி, இன்னைக்கு எனக்குப் பேர் விழுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குகிறார். விழும், விழும் என்பேன்.

பதில் சொல்லாத அம்மா

அவள் பெயர் ராஜேஸ்வரி. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் முன்பள்ளி டீச்சர். தோட்டத்தின் பெயர் வேண்டாம், எல்லாத் தோட்டமும் யாராவது ஒருவருக்குச் சொந்த ஊர்.

ஒருவழியாக உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிளேன்டீ வரவழைத்தேன். பாதி குடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

அவளுடைய அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது முழங்கால் சரியில்லை. மழை மாதங்களில் மலையேற முடியாமல் நிறைய நாள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார். ஒரு நாள் பேர் வெட்டிவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள். அன்று சாயந்தரம் கூடையைக் கழற்றி மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மா சொன்னாராம்: “இனிமே என்னைய யாரும் பேர் சொல்லிக் கூப்புடாதீங்க. அதத்தான் வெட்டியாச்சே.”

“வெளையாட்டுக்குச் சொல்லுதுன்னு சிரிச்சோம்ணே. ரெண்டு மாசமாச்சு. நான் அம்மான்னு கூப்புட்டா திரும்புது. வேற யாரு பேரச் சொன்னாலும் காது கேக்காத மாதிரி இருக்குது. தபால்காரரு வந்து பேரச் சொல்லிக் கேட்டதுக்கு, அப்பிடி இங்க யாரும் இல்லன்னு கடுதாசியத் திருப்பி அனுப்பிருச்சு.”

எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துவிட்டது. வாயைத் திறந்து அதைச் சொல்லப் போனேன். நல்லவேளை, அவள் முந்திக்கொண்டாள்.

“கிளினிக்லயும் அப்பிடித்தாண்ணே. பிரஷர் மருந்து எடுக்கணும். நம்பர் வந்து பேர் கூப்புட்டா எந்திரிக்க மாட்டேங்குது. நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு ஒவ்வொரு தடவையும் கூடப் போக முடியுமா? மூணு கிளினிக் போச்சு. மூணு தடவையும் வெறுங்கையோட வந்து படுத்துக்கிச்சு.”

அதுதான் காரியம். அம்மா தன் பேருக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும். அதற்கு மகள் யோசித்துக் கண்டுபிடித்த வழி, வீட்டில் சாமித் தட்டில் கிடக்கிற ஒரு பொருளில் அம்மாவின் பேரைப் போடுவது. யாரும் வெட்ட முடியாத இடத்தில் போட்டுக் காட்டுவது.

கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தாள்.

என் தகரக் குடும்பம்

முடிச்சுக்குள் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால், அதைப் பார்த்து எனக்கு ஏன் அப்படி ஆசை வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம்.

எனக்கு வில்லை சேர்க்கிற கிறுக்கு உண்டு. காசு மாதிரி இருக்கும், ஆனால் காசு இல்லை. அந்தச் சாதிச் சாமான்கள்தான் எனக்கு வேண்டும். ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன். பத்மா அதற்கு வைத்த பேர்தான் ‘உங்க தகரக் குடும்பம்’. வீட்டைக் கூட்டும்போது டின் காலில் இடித்தால், “ஒங்க சொந்தக்காரங்க வழிய மறிக்கிறாங்க” என்பாள்.

முதலில் வந்து சேர்ந்தது ஒரு அலுமினிய டோக்கன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் முன்பு ஒரு டீக்கடையில், வாசலில் காசைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். அதை உள்ளே டீ ஆற்றுகிறவரிடம் கொடுக்க வேண்டும். டோக்கனில் சின்னதாக ஒரு வெந்நீர்க் கேத்தல் படம். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. அந்தக் கேத்தலின் மூக்கை அச்சில் எவ்வளவு அழகாக வளைத்திருக்கிறான் பார் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றேன். டீ ஆற்றுகிறவர் குரல் கொடுத்தார்: “சார் டீ குடிக்க வந்தீங்களா, கேத்தலுக்குப் பொண்ணு பாக்க வந்தீங்களா?” டீ குடிக்காமல் டோக்கனோடு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. ஏதோ ஒரு கடையில் பை வாங்கி வைக்கிறபோது கொடுக்கிற பித்தளை எண். நுவரெலியா ஏப்ரல் சீசனில் விற்ற குதிரைத் தலை போட்ட வில்லை. நல்லதண்ணியில் பாதம் கும்பிட மலையேறப் போகிறவர்களுக்கு விற்கிற பாதச் சுவடு போட்ட காசு. அதில் ஒன்றில் பாதத்துக்கு ஆறு விரல், அச்சுக்காரனின் தாராள மனசு. தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் தோட்டங்களில் கூலிக்குக் கொடுத்த, நடுவில் ஓட்டை போட்ட செம்பு டோக்கன் இரண்டு.

ஒரு பக்கம் அரத்தால் வழித்து ‘ரா’ என்று ஒற்றை எழுத்து வெட்டிய பழைய காசு ஒன்றும் உண்டு. அதைக் கொண்டுவந்த ஆள், “இந்த எழுத்த எடுத்துருங்கண்ணே” என்றான். வெட்டினதை எடுக்க முடியாது, மேலே வேறு ஏதாவது வெட்டலாம் என்றேன். “அப்ப நீங்களே வச்சுக்குங்க. என்கிட்ட இருந்தா நான் பாத்துக்கிட்டே இருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் காசை நான் யாருக்கும் மாற்றிக் கொடுப்பதில்லை.

கிடைக்கவே கிடைக்காத வில்லை ஒன்றும் உண்டு. எங்கள் பக்கம் ரயில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிறது. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்ததற்குப் போக டிரைவர் கையில் ஒரு பித்தளை வட்டு கொடுப்பார்கள். அது இருந்தால்தான் வண்டி நகரும். ஒருமுறை பட்டிப்பொல ஸ்டேஷனில் குளிரில் விறைத்தபடி, பழைய வட்டு ஒன்று இருந்தால் தாருங்களேன் என்று சிங்களத்தில் கேட்டுப் பார்த்தேன். அங்கே நின்ற ஊழியர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். “வேலையில இருக்கிற சாமான் மாத்தயா. இத ஒங்களுக்குக் குடுத்தா ரயில யாரு கூட்டிட்டுப் போறது?” என்றார். நியாயந்தான். திரும்பும் வழியெல்லாம் ரயில் ஆடுகிறபோது அந்த வட்டைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

சேர்க்கிறவர்களின் சட்டம்

எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. தொழிலும் அப்படித்தான், இந்தக் கிறுக்கும் அப்படித்தான். வீட்டுக் கரண்டிகளில் வெட்டிப் பழகி, எங்கள் வீட்டில் பேர் இல்லாத கரண்டியே கிடையாது என்று ஆன பிறகு கடை போட்டேன். போட்ட முதல் வாரமே ஒரு கல்யாணக் குடத்தில் ‘அன்பளிப்பு’ என்று வெட்ட வேண்டியதை ‘அன்பழிப்பு’ என்று வெட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளைதான் மூன்று மாதம் கழித்து வந்து, “அண்ணே, எங்களுக்குள்ள சண்டை வர்றப்பல்லாம் அவ அந்தக் குடத்தத்தான் கொண்டாந்து முன்னால வைக்கிறா” என்றான். இன்றும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள், பேரன் எடுத்துவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து எழுத்தை வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தால்கூட நான் ஒருதரம் திருத்திவிட்டுத்தான் வெட்டுவேன். எழுத்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். பின்னால் இது வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லை சேர்க்கிறதில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. கொழும்பில் இருக்கிற ஜயந்த மாத்தயா. சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு இரண்டு தடவை ரயிலேறி வருவார், பரிமாறிக்கொள்வோம். முதல் நாளே அவர் எனக்குச் சிங்களத்தில் சொன்ன சட்டம்: “இரக்வத் கஹன்ன எபா.” ஒரு கோடுகூடப் போடாதே. தேய்க்காதே, மினுக்காதே, கீறாதே. கீறினால் செத்தது.

யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து மாலைவரை கீறிப் பிழைக்கிறவன் நான்.

இப்போது கைக்குட்டைக்கு வருகிறேன்.

உள்ளே ஒரு தகர வில்லை இருந்தது. ஐந்து ரூபாய்க் குற்றிக் காசைவிடச் சற்றுப் பெரிசு. ஓரத்தில் ஒரு ஓட்டை. ஒரு பக்கம் மேலே ஒரு இங்கிலிஷ் எழுத்து, கீழே எண்கள். விளிம்பெல்லாம் துரு, நடுவில் மட்டும் தொட்டுத் தொட்டு வழவழவென்று ஆகியிருந்தது. மறுபக்கம் ஒன்றுமில்லை.

அக்கரையிலிருந்து நம் சனத்தைக் கூட்டிவந்த காலத்தில், மண்டபம் முகாமில் ஒவ்வொரு ஆளின் கழுத்திலும் கயிற்றில் கோத்து ஒரு தகர வில்லை மாட்டிவிட்டார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அந்த எண்தான் சொல்லும். இருபது வருடமாக இதைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். கண்ணால் பார்த்ததில்லை. ஜயந்த மாத்தயாவிடமும் கிடையாது.

“இது பின்னால அம்மா பேரப் போட்டுத் தாங்கண்ணே,” என்றாள் ராஜேஸ்வரி. “காமாட்சி.”

என் சாமர்த்தியம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அவளுடைய அம்மா ஞாபகம் இல்லை. முழங்கால் ஞாபகம் இல்லை. பிரஷர் மருந்து ஞாபகம் இல்லை. அந்த வில்லை கீறல் படாமல் என் டின்னுக்குள் இருப்பது மட்டும் கண்ணுக்குள் தெரிந்தது.

“தகரம் ரொம்ப மெலிசு தங்கச்சி,” என்றேன். “ஊசி வச்சா கிழிஞ்சிரும்.”

அதில் பாதி உண்மை. மெலிசுதான். ஆனால் என்னால் முடியும்.

அவள் முகம் விழுந்தது. உடனே நான் தாராளமாகிவிட்டேன். நல்ல கனமான பித்தளையில் அம்மா பேரை இதைவிடப் பத்து மடங்கு அழகாக வெட்டி நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன், ஒன்றும் தர வேண்டாம், அம்மாவுக்குச் சம்மதமென்றால் இந்தத் தகரத்தை மட்டும் எனக்குத் தந்துவிடுங்கள் என்றேன்.

“அம்மாவத்தான் கேக்கணும்,” என்று மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுக்க வேறு வேலை எடுக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை வட்டு. சுற்றிவர இரண்டு இலையும் ஒரு மொட்டும் வருகிற மாதிரி கொடி. நடுவில் ‘காமாட்சி’. ‘ட்’ மேலே புள்ளி வைக்கிறபோது வைரம் பதிக்கிற மாதிரி வைத்தேன். என் கையிலிருந்து அதைவிட நல்ல வேலை வந்ததில்லை, இப்போதும் சொல்வேன்.

பத்மா அதைப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு” என்றாள். பிறகு, “தூண்டில்ல இவ்வளவு நல்ல புழுவ மாட்டி நான் பாத்ததில்ல” என்றாள்.

லீக்ஸும் கத்தியும்

அடுத்த ஞாயிறு தலவாக்கலை வந்து பஸ் மாறி, பூண்டுலோயாவில் இறங்கி, ஆட்டோ பிடித்து மேலே போனேன். பைக்குள் பித்தளை வட்டும், பழக்க தோஷத்தில் ஒரு எஃகு ஊசியும்.

லயத்து வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு அம்மா பலகை போட்டு உட்கார்ந்து கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும். ராஜேஸ்வரி என்னை யாரென்று சொல்லுமுன்னே அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்:

“வெட்டுறவரு வந்துட்டாரா? நம்மளத்தான் ஏற்கனவே வெட்டியாச்சே. இன்னும் என்னத்த வெட்டப் போறீங்க?”

“லீக்ஸ நீங்க வெட்டுறீங்க. நான் டீ குடிக்க வந்தேங்க்கா.”

“அது ஒண்ணுதான் இங்க பஞ்சமில்ல.”

பேச்சுவாக்கில் சோதித்துப் பார்த்தேன். “சொல்லுங்க காமாட்சியக்கா, முழங்கால் எப்புடி இருக்கு?”

பதில் இல்லை. பார்வை லீக்ஸிலேயே இருந்தது. ஆனால் பேரைச் சொன்ன இடத்தில் கத்தி ஒரு நொடி நின்று பிறகுதான் இறங்கியது. கேட்கிறது. நன்றாகவே கேட்கிறது.

பித்தளை வட்டை எடுத்துக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்தார். விரலால் கொடியைத் தடவிக்கொண்டே போய் ஒரு மொட்டில் நிறுத்தினார்.

“கொழுந்து நல்லா வந்திருக்கு. கையில எடுத்துரலாம் போல இருக்கு.” எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “நடுவுல யாரு பேரு தம்பி?”

“உங்க பேருதாங்க்கா.”

“காமாட்சின்னு போட்டிருக்கு. அது காஞ்சிபுரத்துல இருக்கிற அம்மா பேரு. எம்பேரு அது இல்ல.”

“எழுதுற மொறை அப்புடித்தாங்க்கா. பேச்சுல காமாச்சிம்போம், எழுத்துல...”

“பொறந்த பத்திரத்துல காமாச்சி. செக்ரோல்ல காமாச்சி. பெரட்டுல கூப்புட்டது காமாச்சி. நாப்பது வருசம் நான் கையெழுத்துப் போட்டது காமாச்சி. அவங்க வெட்டுனதும் அந்தப் பேரத்தான். நீங்க வேற பேரக் குடுத்து என்னையச் சரிக்கட்டப் பாக்குறீங்களா?”

பக்கத்துக் காம்பராவில் யாரோ சிரித்தார்கள். ராஜேஸ்வரி, “அம்மா, சும்மா இரேன்” என்றாள். அம்மா சும்மா இருக்கவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், சாமித் தட்டிலிருந்து தகர வில்லையை எடுத்து வந்தார். முழங்கால் படுகிற பாடு அந்த நாலு எட்டில் தெரிந்தது.

“இத மாட்டிக்கிட்டு வந்தவரு எங்கப்பாவோட தாத்தா. அவரு பேரு என்ன?”

“தெரியலீங்களே.”

“எனக்கும் தெரியாது. எங்கப்பாவுக்கும் தெரியாது. நம்பரு மட்டும் அழியாம இருக்கு.” வில்லையைத் திருப்பி என் கையில் வைத்தார். “இந்தப் பக்கம் பாருங்க. இத்தன வருசமா சும்மாதானே கெடக்கு? இதுல ஒரு பேரப் போட்டா என்ன?”

நான் கடைசியாக ஒருமுறை முயன்றேன். “கீறல் விழுந்தா இதோட மதிப்புப் போயிருங்க்கா.”

“யாருகிட்ட?”

பேசிப் பேசியே கடை நடத்துகிறவன் நான். அதற்குப் பைக்குள் கையை விட்டு எஃகு ஊசியைத்தான் எடுத்தேன். இதை வீட்டில் சொன்னபோது பத்மா, “ஒரே வார்த்தையில உங்க வாய அடைச்சாங்களா? அந்த அக்காவ எனக்குக் காட்டுங்க, ரெண்டு நாள் கூட இருந்து படிச்சிட்டு வர்றேன்” என்றாள்.

படங்கின் மேல்

தகரம் கிழியாது, நான் சொன்னது பொய் என்று அங்கேயே ஒத்துக்கொண்டேன்.

“தெரியும்,” என்றார் காமாச்சியக்கா. “இல்லாட்டி ஊசி எதுக்குப் பையில?”

ராஜேஸ்வரியின் முன்பள்ளி வரைதல் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழித்து, வில்லை மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு எண்கள் விழுந்தன. மறுபக்கத்துக்கு வெறும் சாம்பல் வட்டம். அந்தத் தாள்தான் இன்று என் டின்னில் இருக்கிறது.

ஜயந்த மாத்தயாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது, “கீறிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவரே எடுத்து, இப்போது அது எங்கே என்றார். வேலையில இருக்கு மாத்தயா என்றேன். பெயர் விழுந்த பக்கத்துக்கும் ஒரு பென்சில் படி எடுத்து அனுப்பச் சொன்னார்.

ஆனால் அன்று, ஊசியை எடுத்தபோது எனக்கே பயம். ஓட்டைக்குப் பக்கத்தில் துரு தின்று தகரம் தாள் மாதிரி இருந்தது. அடியில் ஏதாவது விரிக்க வேண்டும், வழுக்கக் கூடாது, ரொம்ப மெத்தென்றும் இருக்கக் கூடாது என்றேன். அக்கா மூலையைப் பார்த்தார். அங்கே கவிழ்த்த கூடையின் மேல் அவருடைய படங்கு கிடந்தது. கொழுந்து எடுக்கும்போது செடி குத்தாமல் இருக்க இடுப்பில் கட்டுகிற தடித்த சாக்கு. இரண்டு மாதமாக யாரும் தொடாதது. அவரே எடுத்து உதறி, நாலாக மடித்து ஸ்டூல் மேல் வைத்தார். சாயமும் கொழுந்துப் பாலும் ஊறின வாசனை வந்தது.

“பேர எழுதிக் குடுங்கக்கா.”

கொப்பியின் பின்னட்டையில் எழுதினார். ‘கா’வின் கால் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ‘ச்’சின் புள்ளி எழுத்தை விட்டுத் தள்ளி, பக்கத்து வீட்டில் நின்றது. என் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். திருத்தவில்லை. ஒரு எழுத்துக்கூட.

“நான் பாக்கலப்பா. டீ போடுறேன்,” என்று அக்கா குசினிக்குள் போய்விட்டார்.

மெஷின் இல்லை, சுத்தியல் இல்லை. ஊசியைக் கைக்குள் பிடித்து, எறும்பு நகர்கிற மாதிரி இழுத்தேன். ‘கா’ வந்தது. ‘மா’ வந்தது. புள்ளியைத் தள்ளி, அவர் வைத்த இடத்திலேயே வைத்தேன். கடைசி ‘சி’யின் சுழி நேராக ஓட்டையைப் பார்த்து ஏறியது. ராஜேஸ்வரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஊசி முனையில் தகரம் ஒருதரம் நெளிந்தது. கையை எடுத்தேன், துடைத்தேன், மறுபடி வைத்தேன். ஓட்டைக்கு ஒரு நெல்லளவு கீழே சுழி திரும்பி இறங்கிவிட்டது.

ஊதினேன். தகரத்தூள் பறந்தது.

உள்ளே அடுப்படியில் கரண்டிச் சத்தம். ராஜேஸ்வரி குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். கூப்பிடுங்களேன் என்று அர்த்தம்.

நான் எழுந்து இஸ்தோப்பில் நின்றேன். சின்ன வயதில் கேட்ட பெரட்டுக் குரல் தொண்டைக்குள் எங்கேயோ இருந்தது. வில்லையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, இருந்ததை அப்படியே வாசித்தேன்.

“காமாச்சி!”

நாலு காம்பராவிலிருந்து தலை நீண்டது. உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

பெரட்டில் இரண்டு தடவைதான் கூப்பிடுவார்கள். இரண்டாவதுக்கும் ஆள் இல்லை என்றால் அன்றைக்குப் பேர் இல்லை. ராஜேஸ்வரி கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். நான் இன்னொரு தடவை மூச்சை இழுத்தேன்.

“காமாச்...”

“இருக்கேன், இருக்கேன்! பால்மா கரைக்கிறேன்ல. கத்தாதீங்க, ஊருக்கே கேக்குது.”

டீக் கோப்பையோடு வெளியே வந்தார். மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பித்தளை வட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, “சாமி பேரு போட்டத சாமிக்கிட்ட வையி” என்றார். பிறகு என் முன்னால் வந்து நின்று உள்ளங்கையை நீட்டினார்.

“பேர் போட்டாச்சா?”

“போட்டாச்சுங்க்கா.”

“அரைப் பேரா, முழுப் பேரா?”

வில்லையை எழுத்து மேலே தெரிகிற மாதிரி அந்தக் கையில் வைத்தேன்.

“முழுப் பேருதாங்க்கா.”